நாதஸ்வரமும் கிடாரும் ஒட்டவில்லை என்றால்

நாதஸ்வரத்தைத் திருத்தாதீர்கள், கிடாரைத் திரும்ப வாசித்துப் பதியுங்கள். கும்பகோணத்தில் பதிவான உங்கள் ராக் ஆல்பம் வெளியாக இரண்டு வாரம்தான் இருக்கிறது, நாதஸ்வரம் நுழையும் இடமெல்லாம் கிடார் அபசுருதியாகக் கேட்கிறது என்கிறீர்கள்.

பெரும்பாலும் காரணம் இதுதான்: கிடாரை A சுரம் 440 ஹெர்ட்ஸ் என்ற பொது அளவுக்குச் சேர்த்திருப்பீர்கள். நாதஸ்வரத்தின் சுருதியோ குழலின் நீளத்தில் இருக்கிறது. இரண்டு கட்டைக்கு, அதாவது D சுருதிக்கு, கடைந்த நரசிங்கம்பேட்டைக் குழல்கூட (நாதஸ்வரம் செய்வதற்குப் பேர்போன ஊர் அது), ஊதும் நாணலான சீவாளி எச்சிலில் நனைந்து பதமானதும் கொஞ்சம் விலகி நிற்கும்.

வித்வான் நீட்டிப் பிடித்த ஒரு ஷட்ஜத்தை (ஸ) தனியாக ட்யூனரில் பாருங்கள். 20 சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறியிருந்தால் கிடார், பேஸ், கீபோர்டு மூன்றையும் அதே 20 ஏற்றுங்கள்.

ஒவ்வொரு பாட்டுக்கும் இதைச் செய்யுங்கள், சீவாளி மாறினால் அளவும் மாறும். அப்புறம், சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோட்யூன் வேண்டவே வேண்டாம். தோடி ராகத்தின் காந்தார (க) அசைவை அது நேர்க்கோடாக்கிவிடும்.