உப்பில் கட்டிய ஊர்

அன்புள்ள ஐயாவுக்கு,

டிசம்பரில் எகிப்து போகிறோம். சீவா பாலைவனச்சோலையையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று யோசனை. அலெக்சாந்தர் குறி கேட்ட அமூன் கோயிலைப் பார்க்க ஆசை. அங்குள்ள ஷாலி கோட்டை படங்களில் வெறும் மண்மேடாகத்தான் தெரிகிறது. ஒரு நாள் போதுமா? அங்கே தண்ணீர்க் கஷ்டம் இருக்குமா?

ம.

அன்புள்ள ம.,

டிசம்பர் நல்ல மாதம். இரவில் குளிரும், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 331-ல் அலெக்சாந்தர் வந்த கதையை அங்கே எல்லாரும் சொல்வார்கள், அதை விடுங்கள்.

‘வெறும் மண்மேடு’ என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? படித்ததும் கோபம் வந்தது. உப்பேரியிலிருந்து வெட்டிய உப்புக்கட்டிகளைக் களிமண் குழைத்து அடுக்கி, 13-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஊர் அது. அந்தக் கலவைக்குக் கெர்ஷெஃப் என்று பெயர். மழை அபூர்வம் என்பதால் உப்புச்சுவர் நூற்றாண்டுக்கணக்கில் நின்றது. 1926-ல் மூன்று நாள் மழை பெய்தது. சுவர்கள் கரைந்து சரிந்தன. மேட்டில் இருந்த சனங்கள் கீழே இறங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். நான் போனபோது, சாயங்கால வெயிலில் ஒரு சுவரைத் தடவி விரலை நாக்கில் வைத்தேன். கரித்தது. யாரோ சமைத்து, பிள்ளை பெற்று, தூங்கிய வீட்டின் சுவர். அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் தண்ணீர். கொஞ்ச நாளாக நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சீவாவுக்குத் தண்ணீர் மிகுந்ததுதான் கஷ்டம். கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் பள்ளம் அது. பேரீச்சைக்கும் ஆலிவுக்கும் பாய்ந்த தண்ணீர் தானாக வெளியேற வழியே இல்லை. ஏரியில் போய்த் தேங்கும், வெயிலில் ஆவியாகும், உப்பு மட்டும் தங்கும். பழைய ஊற்றுகளோடு நின்றவரை சமாளித்தார்கள். கணக்கில்லாமல் கிணறுகள் தோண்டியதும் ஏரி அகன்றது, உப்புநீர் வேர்வரை ஏறியது, காய்த்துக்கொண்டிருந்த மரங்கள் பட்டன. பாலைவனம் என்றதும் வறட்சி என்று முடிவுகட்டும் பழக்கத்தை நாம் விடவேண்டும், ம. ஆழத்தில் தண்ணீர் கிடைத்துவிட்டதே என்று துளைத்தவர்கள், அது வடிய இடம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. தண்ணீர் கொண்டுவருவது பாதி வேலை. வடிப்பது மறுபாதி.

சரி, ஒரு நாள் போதாது. மூன்று நாளாவது இருங்கள். உப்புக்குளத்தில் மிதந்து படம் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு தோட்டக்காரரோடு வாய்க்கால் ஓரமாக நடந்து, மிச்சத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு வந்து எனக்கு எழுதுங்கள்.