துவாஸ் தகடு ஃபேக்டரிக்கு வரும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். சிங்கப்பூர் துவாஸில் தகடு வேலைக்கு ஐபிஏ (வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல் கடிதம்) வந்துவிட்டது, சேஃப்டி வகுப்பெல்லாம் சும்மா சம்பிரதாயம் என்று ஏஜென்ட் சொல்கிறார், உண்மையில் எதற்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும், அடிபட்டால் டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏஜென்ட் மெஷின் பக்கம் நிற்கப் போவதில்லை, அவருக்கு அது சம்பிரதாயம்தான். சேஃப்டி வகுப்பு தமிழிலும் நடக்கிறது. கம்பெனி ஆங்கில வகுப்பில் பெயர் கொடுத்திருந்தால், தமிழ் வகுப்பு வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பாதி புரிந்து பரீட்சை பாஸ் பண்ணுவது ரொம்பச் சுலபம். அதுதான் ஆபத்து.

தகடு ஃபேக்டரியில் விரல் பெரும்பாலும் எப்போது போகிறது தெரியுமா? மெஷின் ஒழுங்காக ஓடும்போது அல்ல. தகடு சிக்கிக்கொள்ளும்போது, டை (தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) மாற்றும்போது, துடைக்கும்போது, ஸ்கிராப்பை இழுக்கும்போது. ‘ஒரு செகண்ட்தானே’ என்று கை உள்ளே போகும் நேரம் அது. எமர்ஜென்சி ஸ்டாப்பை அமுக்கிவிட்டுக் கை விடுகிறவர்களை நிறையப் பார்ப்பீர்கள். அந்தச் சிவப்பு பட்டன் மெஷினை நிறுத்துமே தவிர, கரண்டைத் துண்டிக்காது. பின்னால் நிற்கும் ஆள் உங்களைக் கவனிக்காமல் அதைத் திருகி விடுவித்து ஸ்டார்ட் கொடுத்தால் முடிந்தது.

சரியான முறை இது. மெஷினை நிறுத்துங்கள். மெயின் ஐசொலேட்டரை, அதாவது மெஷினுக்கு வரும் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்சை, ஆஃப் செய்து உங்கள் பூட்டைப் போடுங்கள். பெயர் எழுதிய டேக்கை மாட்டுங்கள். சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்க வேண்டும், சூப்பர்வைசர் மேஜையில் அல்ல. இரண்டு பேர் உள்ளே கை வைக்கிறீர்கள் என்றால் இரண்டு பூட்டு. அடுத்து, உள்ளே தங்கியிருக்கும் விசையை வெளியேற்ற வேண்டும். ஏர் லைன் இருந்தால் காற்றைத் திறந்துவிடுங்கள். ஹைட்ராலிக் என்றால் மேல் பீம் தானாக இறங்க வாய்ப்புண்டு, சேஃப்டி பிளாக் முட்டுக் கொடுங்கள். பழைய மெக்கானிக்கல் பிரஸ்ஸில் கரண்ட் போன பிறகும் ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டிருக்கும், அது முழுதாக நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். கடைசியில் ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். ஓடவில்லை என்றால்தான் கை உள்ளே போகலாம். பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான், தப்பான மெஷினின் ஐசொலேட்டரைப் பூட்டியிருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பதும் இதுதான். பூட்டு தராத கம்பெனியாக இருந்தால், அடைப்பு எடுக்க மெயின்டனன்ஸ் ஆளைக் கூப்பிடுங்கள் என்று சொல்லுங்கள். திட்டு விழும். விழட்டும்.

நீங்கள் அதிகம் நிற்கப் போவது தகட்டை மடிக்கும் பெண்டிங் மெஷினில். மேலிருந்து பஞ்ச் இறங்கிக் கீழே இருக்கும் டையைத் தொடும் இடம் ஆபத்து என்று பார்த்தாலே தெரியும். தெரியாத இடங்கள் இரண்டு. மடங்கும்போது தகடு வேகமாக மேலே எழும்பும், குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் தாடையில் அடிக்கும். அகலத் தகடாக இருந்தால் எழும்பும் தகட்டுக்கும் மேல் பீமுக்கும் நடுவே விரல் நசுங்கும். அதனால் கட்டை விரலைத் தகட்டின் மேல் வைக்காமல், கீழிருந்து உள்ளங்கையால் தாங்கிப் பிடிக்க வேண்டும். சின்னத் துண்டுகளைக் கையால் பிடிக்கவே கூடாது, இடுக்கியோ காந்தப் பிடியோ கேளுங்கள். இரண்டு பேர் சேர்ந்து நீளத் தகடு மடிக்கும்போது பெடல் ஒருவர் காலில்தான் இருக்கும். மற்றவர் வாய்விட்டு ‘ஓகே’ சொன்ன பிறகுதான் மிதிக்க வேண்டும், தலையாட்டல் போதாது. தகட்டை வெட்டும் ஷீரிங் மெஷினில் பிளேடுக்கு முன்பே தகட்டை அமுக்கும் கிளாம்ப் இறங்கும். பிளேடு தொடாமலே அது எலும்பை உடைத்துவிடும்.

முதல் வாரத்திலேயே மெஷினைச் சுற்றி ஒரு நோட்டம் விடுங்கள். மெஷினின் பாதுகாப்புத் தடுப்பான கார்டின் கதவுச் சென்சரில் டேப் ஒட்டியிருக்கிறதா? இரு கை பட்டனில் ஒன்றை ஏதாவது செருகி அமுக்கி வைத்திருக்கிறார்களா? கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்தும் லைட் கர்ட்டனின் விளக்கு அணைந்திருக்கிறதா? புரொடக்‌ஷன் வேகத்துக்காகச் செய்திருப்பார்கள், பழைய ஆட்களே காட்டியும் கொடுப்பார்கள். வேலை பாதுகாப்புச் சுகாதாரச் சட்டப்படி, பாதுகாப்புக் குறையைச் சொன்னதற்காகத் தொழிலாளரை வேலையை விட்டு நீக்கக்கூடாது. பாதுகாப்புச் சாதனங்களுக்குச் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. பெயர் சொல்லாமல் மனிதவள அமைச்சுக்கும் தெரிவிக்கலாம். படம் எடுத்து, மெஷின் எண்ணையும் சேர்த்து அனுப்பினால் சீக்கிரம் பார்ப்பார்கள். ஆனால் கம்பெனிக்குள் ஃபோனில் படம் எடுக்கத் தடை இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையுறை விஷயத்தில் புது ஆட்கள் தலைகீழாகச் செய்வார்கள். தகட்டைத் தூக்கும்போது வெட்டுத் தாங்கும் கையுறை கட்டாயம். டிரில்லிங், லேத் மாதிரி சுழலும் மெஷினில் கையுறை கூடவே கூடாது, நூல் மாட்டினால் கையையே சுருட்டி இழுத்துவிடும். சுருள் கழிவைப் பிரஷ்ஷாலோ கொக்கியாலோ எடுங்கள். நீளக் கைச் சட்டை, மோதிரம், கழுத்துக் கயிறு எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

ஆங்கிள் கிரைண்டரில் ஒரே ஒரு எண்ணைப் பார்த்தால் போதும். டிஸ்க்கில் அச்சிட்ட ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), மெஷினின் ஆர்பிஎம்மை விடக் குறையக்கூடாது. 7 அங்குல டிஸ்க் பொதுவாக 8,500 வரை தாங்கும். 4 அங்குல கிரைண்டர் 11,000க்கு மேல் சுற்றும். கார்டைக் கழற்றிவிட்டுப் பெரிய டிஸ்க் மாட்டினால் அது வெடித்துச் சிதறுவது இதனால்தான். வெட்டும் டிஸ்க்கின் பக்கவாட்டில் வைத்துத் தேய்ப்பதும் அதே போலத்தான் முடியும். மேஜை கிரைண்டரில் கல்லுக்கும் தாங்கிக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால், சின்னத் துண்டு உள்ளே சிக்கிக் கல் உடையும்.

தின்னர், டிகிரீசர் போன்றவற்றைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கத்தைக் கண்டால் உடனே அகற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு ரசாயனத்துக்கும் எஸ்டிஎஸ் என்ற பாதுகாப்புத் தகவல் தாள் இருக்க வேண்டும். 16 பகுதிகளையும் படிக்க வேண்டாம், 4ஆவது முதலுதவி, 8ஆவது என்ன அணிய வேண்டும் என்பது. அந்த இரண்டையும் யாரிடமாவது கேட்டுத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என்95 முகக்கவசம் தூசியைத்தான் தடுக்கும். தின்னர் ஆவி அதற்குள் தாராளமாகப் போகும், அதற்கு ஆவி உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் வைத்த முகமூடி வேண்டும். தாடி இருந்தால் அதுவும் ஒட்டி நிற்காது. கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. அந்த 15 நிமிடம் மிக நீளமாகத் தோன்றும், பாதியில் நிறுத்தாதீர்கள்.

தூசியைக் குறைவாக எண்ண வேண்டாம். துவாஸிலேயே 2021 பிப்ரவரி 24 அன்று ஒரு பட்டறையில் நடந்த வெடிப்பில் 3 தொழிலாளர்கள் இறந்தார்கள், 7 பேர் காயமடைந்தார்கள். வெடித்தது ஒரு மிக்ஸர் மெஷின், அதைத் தொடர்ந்து தீ பரவக் காரணம் அங்கே சேர்ந்திருந்த உருளைக்கிழங்கு ஸ்டார்ச் மாவு. முன்பே அந்த மெஷினில் கசிவும் புகையும் இருந்தது விசாரணையில் வெளிவந்தது. அலுமினியத் தகட்டைத் தேய்த்த தூளும் இப்படிப் பற்றக்கூடியதுதான். அதை ஏர் கன்னால் ஊதிப் பறக்கவிடக் கூடாது.

சத்தத்துக்கு வரம்பு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபெல். கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் வரம்பைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஃபோம் செருகியை மெலிதாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலே இழுத்துச் செருகி, விரியும்வரை அரை நிமிடம் பிடியுங்கள். பாதி வெளியே தெரிந்தால் பயனில்லை.

இனி அடிபட்டால். ஆம்புலன்ஸ் 995. விரல் துண்டானால் துண்டை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேராகப் படக்கூடாது, தசை செத்துவிடும்.

டாக்டரிடம் ‘வேலையில் அடிபட்டது, இந்த மெஷின், இத்தனை மணிக்கு’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். கூட வந்த சூப்பர்வைசர் ‘ரூமில் விழுந்தான்’ என்று சொன்னால் அதே இடத்தில் திருத்துங்கள். டாக்டர் முதலில் எழுதுவதுதான் பிறகு பேசும். எம்சி (டாக்டர் எழுதித் தரும் மருத்துவ விடுப்பு) ஒரு நாள் என்றாலும், லைட் டியூட்டி (இலகுவான வேலை) என்றாலும், முதலாளிக்குத் தெரிந்த 10 நாளுக்குள் அவர் அமைச்சிடம் பதிய வேண்டும். அவர் பதியாவிட்டால் நீங்களே கோரலாம், விபத்து நாளிலிருந்து ஓராண்டு அவகாசம். வேலைக்காய இழப்பீட்டுச் சட்டத்தில் யார் தப்பு என்ற கேள்வியே இல்லை. உங்கள் கவனக்குறைவாக இருந்தாலும் கோரிக்கை செல்லும், குடித்திருந்தாலோ சண்டையில் பட்டிருந்தாலோ தவிர. எம்சி சம்பளம், ஆஸ்பத்திரியில் சேராவிட்டால் 14 நாள்வரை முழுதாக, சேர்ந்தால் 60 நாள்வரை முழுதாக, அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, மொத்தம் ஓராண்டுவரை. சிகிச்சைச் செலவுக்கு 2025 நவம்பர் முதல் உச்சவரம்பு 53,000 சிங்கப்பூர் வெள்ளி. விரல் நிரந்தரமாகப் பாதித்திருந்தால் அதற்குத் தனித் தொகை உண்டு.

ஊருக்கு அனுப்புவதைப் பற்றி: முதலாளி வொர்க் பெர்மிட்டை ரத்து செய்ய முடியும், ஆனால் கோரிக்கை அதோடு சாகாது. அது முடியும்வரை சிங்கப்பூரில் தங்க அமைச்சு ஸ்பெஷல் பாஸ் என்ற தற்காலிக அனுமதி தரும். மிரட்டல் வந்தால், ஏர்போர்ட்டுக்கு வண்டி வரும்வரை காத்திருக்காமல் வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்கு 6536 2692க்கு அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். எம்சி, ரசீது, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அன்றே அனுப்பிவிடுங்கள். ஆங்கிலத்தில் ஒரு தாளை நீட்டி ‘கையெழுத்துப் போடு, இழப்பீட்டுக்குத்தான்’ என்றால், படம் எடுத்துக்கொண்டு நாளைக்குப் போடுகிறேன் என்று சொல்லுங்கள். அது கோரிக்கையைத் திரும்பப் பெறும் தாளாகவும் இருக்கலாம்.