புரோக்கருக்கு ரெரா எண் இருக்கிறது, மனைக்கு இருக்கிறதா?

கேள்வி: செங்கல்பட்டு அருகே 60 மனைகள் கொண்ட புது லேஅவுட்டில் 28 லட்சம் ரூபாய்க்கு ஒரு மனை பார்த்திருக்கிறேன். புரோக்கர் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவு பெற்றவர். லேஅவுட்டுக்கு 'அப்ளை பண்ணியாச்சு, நம்பர் வந்துடும்' என்கிறார். டோக்கன் அட்வான்ஸ் 2 லட்சத்தைத் தன் கணக்கில் போடச் சொல்கிறார். கமிஷன் தனியாக 2 சதவீதம். கொடுக்கலாமா?

பதில்: இப்போது ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். முகவரின் பதிவு வேறு, மனைப்பிரிவின் பதிவு வேறு. முகவரின் பதிவு அவர் தொழில் செய்வதற்கான அனுமதி மட்டுமே. நிலத்துக்கு அது எந்த உத்தரவாதமும் தராது.

2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, இந்த அளவுள்ள லேஅவுட்டைப் பதிவு எண் வரும் முன் விளம்பரம் செய்வதோ, முன்பதிவு வாங்குவதோ கூடாது. விண்ணப்பித்திருப்பது போதாது. பதிவாகாத திட்டத்தை விற்றுத்தரும் முகவருக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், மனை விலையில் 5 சதவீதம் வரை அபராதம் உண்டு. உங்கள் மனைக்கு அது அதிகபட்சம் 1.4 லட்சம். ஆனால் அந்தப் பணம் அரசுக்குப் போகும், உங்களுக்கு வராது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டி வந்தால், லேஅவுட் போட்டு விற்கும் புரமோட்டரிடம்தான் கேட்க வேண்டும். புரோக்கர் கணக்கில் போட்டிருந்தால் 'எங்களுக்கு வரவே இல்லை' என்று அவர் கைவிரித்துவிடலாம். எனவே எண் வந்த பிறகும் புரமோட்டரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தி, அவருடைய ரசீதை வாங்குங்கள். விலையில் 10 சதவீதத்துக்கு மேல், அதாவது 2.8 லட்சத்துக்கு மேல், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் அவர் வாங்க முடியாது.

எண் கொடுத்தால் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் நீங்களே தேடுங்கள். லேஅவுட் பெயர், சர்வே எண், உங்கள் மனை எண் மூன்றும் அங்குள்ள வரைபடத்தோடு பொருந்த வேண்டும். பக்கத்து லேஅவுட்டின் எண்ணையோ, முதல் கட்டத்தின் எண்ணையோ இரண்டாம் கட்டத்துக்குக் காட்டினால் இங்கேதான் பிடிபடும். வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரமும் வழக்கறிஞர் பார்வைக்குப் போகட்டும். ரெரா எண் அதற்கு மாற்று அல்ல.

கமிஷன் இவ்வளவுதான் என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. 2 சதவீதம் என்றால் 56,000 ரூபாய். புரமோட்டரும் தருகிறாரா என்று கேட்டுப் பேரம் பேசுங்கள். தொகையை எழுத்தில் வாங்கிக்கொண்டு, கிரயப் பத்திரம் பதிவான அன்று கொடுங்கள்.