வாக்கும் சிரட்டையும்

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடற்கொள்ளையர் நாவலை இரண்டு இரவில் வாசித்து முடித்தேன். மூன்று இடங்கள் உறுத்துகின்றன. 1720இல் கொள்ளைக் கப்பலில் வாக்கெடுப்பதும் பங்கு பேசுவதும் உங்கள் இடதுசாரி அரசியலை அவர்கள் வாயில் திணித்தது போல இருக்கிறது. அப்படி நல்லவர்களாகக் காட்டியவர்களே பிறகு அடிமைக் கப்பலை ஆட்களோடு எரிக்கிறார்கள். எதை நம்புவது? கடைசியாக, ஆபிரிக்கக் கரையில் 'சோளகம்' எப்படி வீசும்? அது எங்கட தென்மேற்குக் காற்றல்லவா?

ஒரு வாசகர், பருத்தித்துறை

அன்புள்ள தம்பி,

வாக்கும் பங்கும் என் கைச்சரக்கு அல்ல. அந்தக் காலத்துக் கொள்ளைக் கப்டன் பார்த்தலோமியு ராபர்ட்ஸின் கப்பல் விதிகள் 1724இல் லண்டனில் அச்சான கடற்கொள்ளையர் வரலாற்றிலேயே இருக்கின்றன. முக்கிய காரியங்களில் ஆளுக்கொரு வாக்கு. கப்டனுக்கு இரண்டு பங்கு, பீரங்கிக்காரருக்கு ஒன்றரை. சண்டையில் கையோ காலோ போனவனுக்குப் பொதுப்பணத்திலிருந்து 800 டொலர். இரவு எட்டு மணிக்கு விளக்கணைக்க வேண்டும் என்றுகூட இருக்கிறது, ஏதோ விடுதி வார்டன் எழுதியது போல! ராபர்ட்ஸே 1719இல் அடிமைக் கப்பலொன்றில் வேலை செய்தபோது பிடிபட்டவர். ஆறு வாரத்தில், பிடித்தவர்களே அவரைக் கப்டனாகத் தெரிவு செய்தார்கள். வணிகக் கப்பலில் கப்டன் சவுக்கால் அடிப்பான், சாப்பாட்டைக் குறைப்பான், சம்பளத்தில் பிடிப்பான். அங்கிருந்து தப்பி வந்தவர்கள் எழுதிய விதி வேறெப்படி இருக்கும்?

ஆனால் ஏழாம் அத்தியாயத்தில் பாய் தைக்கிற கிழவன் ஒரு பக்கத்துக்குப் பிரசங்கம் செய்கிறானே, அது நான்தான். ஒப்புக்கொள்கிறேன். அடுத்த பதிப்பில் அவன் பாயை மட்டும் தைப்பான்.

எரிப்பும் நடந்ததுதான். 1722 ஜனவரி, இன்றைய பெனின் நாட்டின் உய்தா துறைமுகம். அங்கு நின்ற கப்பல்களை ராபர்ட்ஸின் ஆட்கள் மறித்துக் கப்பம் கேட்டார்கள். ஒரு கப்டன் மறுத்தான். அவன் கப்பலுக்குள் சுமார் 80 அடிமைகள், இருவர் இருவராக விலங்கிட்டபடி. விலங்கைக் கழற்ற நேரமாகும் என்று அப்படியே தீ வைத்துவிட்டார்கள். ஆளுக்கொரு வாக்கு வைத்திருந்த அதே ஆட்கள்.

எதை நம்புவது என்கிறீர்கள். என் அப்பப்பா லாம்பு வெளிச்சத்தில் கரையில் குந்தியிருந்து பங்கு பிரிப்பார். ஈரத் தாள்காசை முழங்காலில் வைத்துத் தடவித் தடவி எண்ணுவார். காய்ச்சலில் தொழிலுக்கு வராதவனுக்கும் ஒரு பங்கு ஒதுக்குவார். ஒரு சதம் பிசகாது. அதே மனிதர், வேலியடைக்க வந்தவருக்குத் தேத்தண்ணியைச் சிரட்டையில்தான் ஊற்றச் சொல்வார். 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினரின் கோயில் நுழைவுப் போராட்டம் நடந்தபோது, "இவங்களுக்கேன் இந்த வேலை?" என்று கேட்டாராம். இரண்டு அப்பப்பாவையும் நான் நம்பத்தான் வேண்டும். ஒரே ஆள்தானே.

எரிப்பு நடந்த அடுத்த மாதம் ராபர்ட்ஸ் சண்டையில் செத்தார். பிடிபட்டவர்களில் 52 பேரை இன்றைய கானாவின் கேப் கோஸ்ட் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். அவர் கப்பல்களில் பிடிபட்ட கறுப்பர்களைத் தூக்கில் போடவில்லை, விற்றுவிட்டார்கள். நாவலை அந்த ஏலத்தில் முடித்தது அதனால்தான்.

சரி, சோளகம். கினி வளைகுடாவிலும் பெரும்பாலும் வீசுவது தென்மேற்குக் காற்றுதான். அதற்கு எனக்கு வேறு பெயர் வாயில் வரவில்லை.