பக்கத்துக் குட்டையில் புண் நோய்: விராலை உயிருடன் ஏற்றலாமா?

குத்தாலம் பக்கம் அரை ஏக்கர் பண்ணைக்குட்டையில் விராலும் கட்லாவும் வளர்க்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது: அடுத்த குட்டையில் மீன்களின் உடம்பில் சிவந்த புண்கள் காணப்படுகின்றன, தம் மீன்கள் நன்றாகவே இருக்கின்றன. வியாபாரி சின்டெக்ஸ் தொட்டி வைத்த வண்டியில் உயிருடன் எடுத்துக்கொள்ள முன்வருகிறார். மீன்வளத்துறை அலுவலரோ இப்போது ஏற்ற வேண்டாம் என்கிறார். இது சட்டமா, வெறும் யோசனையா?

இன்றைய நிலையில் அது யோசனைதான். ஆனாலும் தட்டிக்கழிக்கக்கூடிய யோசனை அன்று. விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2009 ஆடுமாடுகளுக்கு மட்டுமே உரியது என்று பலரும் எண்ணியிருக்க, அதன் அட்டவணையில் மீன் நோய்களும் இடம்பெற்றிருக்கின்றன. தாங்கள் குறிப்பிடும் புண் நோயும் அவற்றுள் ஒன்று. ஒரு பகுதியைக் கட்டுப்பாட்டுப் பகுதியாக மாநில அரசு அறிவித்துவிட்டால், அறிவிக்கையில் சொல்லப்பட்ட இனத்தை இருக்கும் இடத்திலிருந்து அசைக்கக் கூடாது. அந்த அறிவிக்கை வரும்வரை நல்ல மீனை ஏற்றுவதற்குப் பொதுத்தடை எதுவும் இல்லை. ஆனால் நோய் இருப்பதாகச் சந்தேகம் எழுந்தவுடன் தகவல் தெரிவிப்பதும், நோயுற்றவற்றைப் பிரித்து வைப்பதும், அவற்றைச் சந்தைக்குக் கொண்டுசெல்லாமல் இருப்பதும் அறிவிக்கைக்குக் காத்திராத கடமைகள். நோயில் செத்ததென்று தெரிந்தே மீனை ஆற்றிலோ வாய்க்காலிலோ வீசுவது அதே சட்டப்படி குற்றம். டெல்டாவில் மதகோரம் நடப்பவர் எவரும் இது எவ்வளவு சாதாரணமாக மீறப்படுகிறது என்பதை அறிவார்.

தங்கள் மீன்களில் புண் தெரியவில்லை என்பது பெரிய ஆறுதல் அன்று. அபனோமைசஸ் இன்வேடன்ஸ் என்னும் பூஞ்சை போன்ற நுண்ணுயிரால் வரும் இந்நோய், 1988-இல் வடகிழக்கு மாநிலங்கள் வழியாக இந்தியாவுக்குள் புகுந்து, சில ஆண்டுகளில் தெற்கே வந்து சேர்ந்தது. இதன் வித்துகள் நீரில் நீந்திச் சென்று மீன் தோலில் ஒட்டுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் நீர் குளிரும் மார்கழி, தை மாதங்களில்தான் நோய் வலுக்கிறது. விரால் இதற்கு எளிதில் ஆட்படும் மீன். ஆகவே வண்டியில் ஏறுவது மீன் மட்டுமன்று, அதனுடன் தொட்டி நீரும் ஏறுகிறது. வழியில் ஒரு வாய்க்கால் பாலத்தருகே பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிப்பது ஓட்டுநர்களின் அன்றாட வழக்கம். என் கணிப்பில் நோய் ஊர் விட்டு ஊர் போவதற்கு மீனைவிட அந்தத் தண்ணீரே பெரிய காரணம்.

உயிர் விராலுக்குக் கிடைக்கும் விலை செத்த விராலுக்குக் கிடைக்காது என்பது உண்மைதான். ஆயினும் பங்குனியில் வெயில் ஏறி நீர் சூடானதும் இந்நோய் தணிவது வழக்கமாதலால், இரண்டு மாதத் தீவனச் செலவை ஏற்றுக்கொண்டு பொறுத்திருப்பதே என் பரிந்துரை. அதுவரை அடுத்த குட்டையின் நீர் வரும் வழியை அடைத்து, வலையையும் வாளியையும் இரவல் கொடுக்காமலும் வாங்காமலும் இருக்க வேண்டும். புவனேசுவரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சிஃபாக்ஸ் மருந்தை, அலுவலரைக் கலந்துகொண்டு, ஒரு மீட்டர் ஆழ நீருக்கு ஹெக்டேருக்கு 1 லிட்டர் வீதம் இடலாம். தங்கள் அரை ஏக்கருக்கு 200 மில்லி போதும். பணமுடை தாங்காது என்றால், புண்ணற்ற மீனை மட்டும் பிடித்துக் குட்டைக் கரையிலேயே ஐஸில் இட்டு விற்கலாம். இந்நோய் மனிதருக்குத் தொற்றாது. அறிவிக்கை வந்துவிட்டால் மட்டும் அலுவலரிடம் கேட்காமல் ஐஸ் மீனையும் வெளியே அனுப்ப வேண்டாம்.

நோய் இன்னதென்று உறுதிசெய்யும் பரிசோதனைக்கு, புண் வந்த மீனைத் தாங்களே வாளியில் எடுத்துக்கொண்டு பேருந்து ஏற வேண்டாம். மீன்வள உதவி இயக்குநர் அலுவலகத்துக்குச் சொன்னால் மாதிரி எடுக்க ஏற்பாடு செய்வார்கள். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமும், சீர்காழியில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையமும் அருகிலேயே உள்ளன. 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட ‘ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்’ செயலியிலும் படத்துடன் தெரிவிக்கலாம்.

அடுத்த முறை குஞ்சு இறக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புதுக் குஞ்சுகளை அதே குட்டையில் ஹாப்பா என்னும் வலைக்கூண்டு கட்டி விட்டுவிட்டு, தனிமைப்படுத்தியதாகச் சிலர் கூறுகின்றனர். வலைக்கண் வழியே நீர் போய்வரும் வரையில் அது தனிமை ஆகாது. தனித் தொட்டியிலோ நாற்றங்கால் குட்டையிலோ இரண்டு, மூன்று வாரம் வைத்துப் பார்த்து, பையில் வந்த நீரைக் குட்டையில் ஊற்றாமல் குஞ்சுகளை மட்டும் வலையால் அள்ளி விட வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு என்றால் பேச்சே இல்லை. அதை வளர்ப்பது தடைசெய்யப்பட்டிருக்கிறது.

வியாபாரியின் வண்டி எப்போது வந்தாலும், மீன் ஏற்றுமுன் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, 10 லிட்டர் நீருக்கு 7 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டு, நல்ல நீரால் அலசி, வெயிலில் காயவைக்கச் சொல்லுங்கள். அவர் முகம் சுளித்தால், ஏற்றும் வண்டியை ஏற்றுமுன்னும் இறக்கியபின்னும் சுத்தப்படுத்துவது அதே 2009 சட்டம் வலியுறுத்தும் கடமை என்று தெரிவிக்கலாம்.