வீட்ல பீர் போட்டு குடிச்சோம், கண்ணு போயிடுமா டாக்டர்?

கேள்வி: வயசு 36. நானும் ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் எல்லாம் வாங்கி வீட்லயே பீர் போட்டோம். அஞ்சாம் நாளே பழைய ஜூஸ் பாட்டில்ல அடைச்சு, கேஸ் நல்லா வரட்டும்னு ஒவ்வொண்ணுலயும் மூணு டீஸ்பூன் சர்க்கரை போட்டு, பத்தாம் நாள் குடிச்சோம். மறுநாள் எனக்கு வயிறு உப்புசம், நாலு தடவை லூஸ் மோஷன், தலைவலி. இப்ப மூணு நாளாச்சு, எல்லாம் சரியாயிடுச்சு, ஆனா மெத்தனால் ஏறியிருக்குமோன்னு பயமா இருக்கு. இன்னும் 12 பாட்டில் கப்போர்டுல இருக்கு. போன மாசம் யூரிக் ஆசிட் 8.6னு வந்துச்சு, கால் கட்டைவிரல் ஒரு தடவை வீங்கி வலிச்சுது.

பதில்: கண்ணு போகாது, நிம்மதியா இருங்க. மெத்தனால் விஷம்னா பெரும்பாலும் ஒரு நாளைக்குள்ள, ரொம்ப தள்ளிப்போனா மூணு நாளைக்குள்ள பார்வை பனிமூட்டம் மாதிரி மங்கும், மூச்சு வேகமா வாங்கும், வாந்தி வரும், உங்களுக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல. மெத்தனால் வர்றது பழத்துல இருக்கிற பெக்டின்ல இருந்து, தானியத்துல அது ரொம்ப கம்மி, நீங்க காய்ச்சி வடிக்கவும் இல்ல. பேப்பர்ல படிக்கிற சாவெல்லாம் தொழிற்சாலை மெத்தனாலை சாராயத்துல கலக்குறதால வர்றது.

வயித்துக்குக் காரணம் அநேகமா ஈஸ்ட். அஞ்சு நாள்ல அடைச்சா உள்ள வேலை முடிஞ்சிருக்காது, அடியில வெள்ளையா சேறு மாதிரி நிக்குமே அதையும் கலக்கி ஊத்தியிருப்பீங்க, உயிரோட இருக்கிற ஈஸ்ட்டும் மிச்ச சர்க்கரையும் சேர்ந்து குடலுக்குள்ள போனா உப்பாம என்ன பண்ணும்?

எனக்கு பயம் அந்த 12 பாட்டில்தான். வழக்கமா லிட்டருக்கு 6, 7 கிராம் சர்க்கரை போதும், நீங்க போட்டது அதுக்கு ரெண்டு மூணு மடங்கு, அதுவும் புளிச்சு முடியாத பீர்ல, அதுவும் ஜூஸ் பாட்டில்ல, அந்தக் கண்ணாடி இவ்ளோ பிரஷர் தாங்க செஞ்சது இல்ல. நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப கேஸ் அடைச்ச கண்ணாடி பாட்டில் வெடிச்சு வந்த ஒரு பையனோட கருவிழியில நகத்துணுக்கு சைஸ்ல கண்ணாடி, லைட் அடிச்சா மினுங்கும், இன்னும் மறக்கல. நீங்க மெத்தனாலுக்கு பயந்தது கண்ணுக்காகத்தானே, அந்தக் கண்ணுக்கு ஆபத்து கப்போர்டுல நிக்குது. கண்ணுக்கு சேஃப்டி கிளாஸ், கைக்கு தடியான கிளவுஸ் போட்டுட்டு, கனமான டவலை சுத்தி, குலுக்காம ஃப்ரிட்ஜ்ல வைங்க, ஒரு நாள் நல்லா குளிரட்டும், அப்புறம் வெளியில வெச்சு முகத்தை தள்ளி மெதுவா திறந்து கொட்டிடுங்க. போனா போகுது பீரு.

அடுத்த தடவை ஹைட்ரோமீட்டர், அதாவது பீரோட அடர்த்தியை அளக்கிற கருவி, ஒண்ணு வாங்கிக்கங்க, சர்க்கரை ஆல்கஹாலா மாற மாற ரீடிங் இறங்கும், ரெண்டு மூணு நாள் ஒரே ரீடிங் நின்னாதான் அடைக்கணும். 1.050ல ஆரம்பிச்சு 1.010ல நின்னா ஆல்கஹால் சுமார் 5 சதவீதம், எவ்ளோ ஸ்ட்ராங்கா குடிக்கிறோம்னும் தெரிஞ்சுடும்.

பேஷண்ட்ஸ் எப்பவும் முக்கியமானதை கிளம்பும்போது கதவுகிட்ட நின்னுதான் சொல்லுவாங்க, நீங்களும் யூரிக் ஆசிட்டை கடைசி வரியில வெச்சிருக்கீங்க. 8.6, கட்டைவிரல் வீக்கம்னா கவுட்டா, அதாவது யூரிக் ஆசிட் மூட்டுல படிஞ்சு வர்ற வாதமா, இருக்க நல்ல சான்ஸ் இருக்கு. உடம்புல யூரிக் ஆசிட்டா மாறுற ப்யூரினும் பீர்ல இருக்கு, ஆல்கஹால் வேற யூரிக் ஆசிட்டை சிறுநீர்ல வெளியேற விடாம பிடிச்சு வைக்கும், அந்த ஈஸ்ட் சேறுல ப்யூரின் இன்னும் ஜாஸ்தி. கிட்னி டெஸ்ட்டோட ஒரு டாக்டரை நேர்ல பாருங்க, கவுட்னு உறுதியானா யூரிக் ஆசிட்டை 6க்கு கீழ கொண்டு வரணும். அதுவரைக்கும் நீங்க பீர் போடுற வேலையை மட்டும் வெச்சுக்கங்க, குடிக்கிறதை அந்த ரெண்டு பேரு பாத்துக்கட்டும்.