கேள்வி பதில்: தலை வாரிக்கிட்டே போஸ் குடுத்த ராஜ குடும்பம்

கேள்வி: ஸ்பெயின் ஓவியர் கோயா வரைஞ்ச "இளவரசர் தோன் லூயிஸ் குடும்பம்" படத்த ஒரு ஆர்ட் புக்ல பாத்தேன். ராஜாவோட தம்பி வீடுன்னு போட்டிருக்கு, ஆனா நடுவுல ஒரு பொண்ணு தலைய விரிச்சுப் போட்டு உக்காந்திருக்கு, ஒருத்தர் சீவி விடுறாரு, பக்கத்துல வீட்டுக்காரர் சீட்ட பரப்பி வச்சிருக்காரு. கோயா கிண்டல் பண்றாரா? (வாசகி, ஈரோடு)

பதில்: கிண்டல் இல்லங்க. அந்த வீட்டு நிலைமையே அதுதான். தோன் லூயிஸ் யாருன்னா ஸ்பெயின் ராஜா மூணாம் கார்லோஸோட கடைசித் தம்பி, எட்டு வயசுலயே கர்தினால் (சர்ச்ல போப்புக்கு அடுத்த பதவி) ஆக்கி தொலேதோ மறைமாவட்டத்தயும் அவர் பேர்ல எழுதிட்டாங்க, எட்டு வயசுப் பையனுக்கு என்ன இறைப்பணின்னு கேக்காதீங்க, வருமானம்தான் விஷயம். 1754-ல அவரே எனக்கு இது வேணாம்னு அங்கிய கழட்டி வச்சிட்டாரு. அண்ணனுக்கு தலைவலி அங்கதான் ஆரம்பிச்சுது, ஏன்னா அவங்கப்பா அஞ்சாம் ஃபெலிப்பே 1713-ல போட்ட வாரிசு சட்டப்படி பட்டத்துக்கு வர்றவர் ஸ்பெயின்லயே பொறந்து வளந்திருக்கணும், ஆனா கார்லோஸோட மூத்த பையன் பொறந்தது நேப்பிள்ஸ் பக்கம். தம்பி ஒரு ராஜகுமாரிய கட்டி புள்ள பெத்துட்டா அந்தப் புள்ள ஸ்பெயின்ல பொறந்ததா இருக்கும், நாளைக்கு பங்குக்கு வந்து நிக்கும். அதனால 1776-ல அண்ணன் ஒரு புது சட்டமே போட்டாரு, அந்தஸ்து குறைஞ்ச எடத்துல கல்யாணம் பண்ணா புள்ளைங்களுக்கு அரச உரிமை கிடையாதுன்னு. அதே வருஷம் ஐம்பதை நெருங்குன லூயிஸுக்கு அரகோன் பக்கத்து சின்ன பிரபு வீட்டுப் பொண்ணு, பதினாறு பதினேழு வயசு மரியா தெரேசா தெ வய்யாப்ரிகாவ கட்டி வச்சாங்க. மனைவி அரண்மனைக்கு வரக்கூடாது, புள்ளைங்க போர்போன்ங்கற ராஜ குடும்பப் பேர வச்சுக்கக் கூடாது, அம்மா வீட்டுப் பேர்தான். குடும்பம் போய் உக்காந்தது மாட்ரிட்டுக்கு மேற்க, கிரேதோஸ் மலை அடிவாரத்துல அரேனாஸ் தெ சான் பெத்ரோங்கற சின்ன ஊர்ல.

இப்ப படத்த திரும்பப் பாருங்க. 1784, ராத்திரி நேரம், மேஜையில ஒரு மெழுகுவத்தி. வெள்ளத் துணி போத்தி உக்காந்திருக்கறதுதான் வீட்டம்மா, மொத்த வெளிச்சமும் அவங்க மேல. புருஷன் வயசாகி பக்கவாட்டுல தெரியறாரு, அவருக்குப் பின்னாடி பையன், கைக்குழந்தை ஆயா கையில, வலது பக்கம் நிக்கறவங்கள்ல தலையில கட்டு போட்ட ஒருத்தர் நம்மளப் பாத்து பல்லக் காட்டறாரு. கோயாவையும் சேத்து பதினாலு பேர். ராஜாவோட தம்பிக்கும் வேலைக்காரருக்கும் ஒரே உயரம், ஒரே நெருக்கம், இத மாட்ரிட் அரண்மனையில வரைஞ்சிருக்க முடியாது. வாசல்லயே நிறுத்தி வச்ச குடும்பத்துக்கு யார் முன்னாடி கெத்து காட்டணும் சொல்லுங்க. கோயா இடது ஓரத்துல குனிஞ்சு உக்காந்து கேன்வாஸ்ல வரையறாரு, அவர் உக்காந்திருக்கற எடத்துலேர்ந்து பாத்தா இந்தக் காட்சி இப்படி தெரியவே தெரியாது, ஆனா அவருக்கு அது முக்கியமில்ல. பழைய ஸ்பெயின் அரண்மனை ஓவியர் வெலாஸ்கெஸ் தன்னோட "லாஸ் மெனினாஸ்" படத்துல தன்னையே வரைஞ்சுக்கிட்டாருல்ல, அத 1778-ல செப்புத் தகட்டுல காப்பி பண்ணிப் பழகுனவரு கோயா, அந்த ஆசைதான் இது.

கேள்வி: இதுக்கெல்லாம் கோயாவுக்கு எவ்ளோ சம்பளம்? (வாசகர், திருச்சி)

பதில்: 1783-லயே ஒரு தடவ போய் ஒரு மாசம் தங்கி வரைஞ்சாரு. வந்ததும் சரகோசாவுல இருந்த நண்பர் மார்த்தின் சபதேருக்கு ஒரு லெட்டர் போட்டாரு பாருங்க, பெருமை தாங்கல. ஆயிரம் துரோ பணம் (துரோ, ரியால் ரெண்டும் அந்தக் கால ஸ்பெயின் காசு), பொண்டாட்டிக்கு முப்பதாயிரம் ரியால் பெறுமான வெள்ளி தங்க ஜரிகை அங்கி, அவங்கல்லாம் தேவதைங்க, மத்த பெயின்டருங்க வந்து சொதப்பிட்டுப் போனத நான் முடிச்சேன்னு அளந்து விட்டிருக்காரு. வேட்டைக்கும் கூட்டிட்டுப் போயிருக்காங்க, ஒரு முயல சுடறப்போ இளவரசர், இந்தக் கிறுக்குப் பெயின்டருக்கு என்னை விட வேட்டைப் பைத்தியம் அதிகம்னு சொன்னாராம். அப்போ கோயாவுக்கு முப்பத்தேழு வயசு, அரண்மனை ஓவியர் பதவி கூட வரல.

கேள்வி: அந்தக் குழந்தைங்க அப்புறம் என்ன ஆனாங்க? (வாசகி, தென்காசி)

பதில்: 1785 ஆகஸ்ட்ல லூயிஸ் இறந்துட்டாரு, உடனே புள்ளைங்கள அம்மாகிட்டேர்ந்து பிரிச்சு தொலேதோவுக்கு கொண்டு போயிட்டாங்க, பையன் பேராயர் கவனிப்புல, பொண்ணுங்க ரெண்டும் கான்வென்ட்ல. பெரிய பொண்ணு பேரும் மரியா தெரேசாதான். 1783-ல ரெண்டே முக்கா வயசுல மலைய பின்னாடி வச்சு, கூட ஒரு நாய்க்குட்டியோட கோயா இவள தனியா வரைஞ்சிருக்காரு, வயசு படத்துலயே எழுதியிருக்கு. 1784 குடும்பப் படத்துலயும் இருக்கா.

1797-ல கான்வென்ட்லேர்ந்து நேரா கல்யாணம். மாப்பிள்ளை மனுவேல் கோதோய், சாதாரண காவல்படை வீரனா இருந்து ராணி தயவுல முதல் மந்திரி ஆனவரு, ஏற்கனவே பெபீதா துதோங்கற பொண்ணோட வாழ்ந்துக்கிட்டிருக்கறவரு. அப்பவே ஊருக்கே தெரியும். இதுக்கு பதிலா குடும்பத்துக்கு 1799-ல போர்போன் பேர் திரும்ப வந்துச்சு, அவளோட அண்ணன் தொலேதோ பேராயர், கர்தினால் ஆனாரு, அப்பாவோட உடல 1800-ல எடுத்துட்டுப் போய் எஸ்கோரியல் மடத்துல ராஜ குடும்பத்தோட அடக்கம் பண்ணாங்க. ஒரு பொண்ண வித்து மொத்த வீட்டுக்கும் மரியாதை வாங்குன கதை, நான் வேற மாதிரி சொல்ல மாட்டேன்.

அதே 1800-ல கோயா அவள மறுபடி வரையறாரு, சின்சோன் சீமாட்டின்னு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்ச படம். பத்தொன்பது வயசு, கர்ப்பிணி, தலையில பிள்ளைப்பேறுக்கு அடையாளமா கோதுமைக் கதிர், விரல்ல ஆண் உருவம் போட்ட பெரிய மோதிரம், பின்னாடி ஒண்ணுமே இல்லாத இருட்டு, நாற்காலியில உக்காந்து கண்ண திருப்பி எங்கயோ பாக்கறா. கோயாவுக்கு அப்போ காது சுத்தமா கேக்காது. எக்ஸ்ரே எடுத்தப்போ அதே கேன்வாஸுக்கு அடியில பழைய உருவங்கள் இருக்கறது தெரிஞ்சுது, அதுல ஒண்ணு கோதோய்னு சொல்றாங்க. அக்டோபர்ல பொண்ணு பொறந்துச்சு. 1808-ல அரான்ஹுவேஸ்ங்கற ஊர்ல நடந்த கலவரத்துல கோதோய் வீழ்ந்ததும் இவங்க புருஷன விட்டுட்டு அண்ணன்கிட்ட போயிட்டாங்க, 1828-ல பாரிஸ்ல இறந்தாங்க. அதே வருஷம் கோயாவும் பிரான்ஸ்ல போர்தோங்கற ஊர்ல இறந்தாரு.

கேள்வி: இந்தப் படங்கள நேர்ல எங்க பாக்கலாம்? (அதே தென்காசி வாசகி)

பதில்: ஒரே ஊர்ல கிடையாதுங்க. குடும்பப் படம் இத்தாலியில பார்மா பக்கத்துல மாமியானோங்கற கிராமத்துல மன்யானி ரோக்கா அறக்கட்டளை மாளிகையில இருக்கு, ரெண்டரை மீட்டர் உயரம், மூணு மீட்டருக்கு மேல அகலம், புக்ல பாக்கறது ஒண்ணுமே இல்ல. குட்டிப் பொண்ணும் நாயும் வாஷிங்டன் நேஷனல் கேலரில. சின்சோன் சீமாட்டிய ரொம்ப காலம் வாரிசுங்களே வச்சிருந்தாங்க, 2000-ல ஸ்பெயின் அரசு காசு குடுத்து மாட்ரிட்ல இருக்கற பிராதோ மியூசியத்துக்கு வாங்கிடுச்சு. மாட்ரிட் போனா இத மட்டுமாவது பாத்துட்டு வாங்க, முதல்ல முகத்தப் பாக்காம அந்த வெள்ள கவுன்ல விழற வெளிச்சத்தப் பாருங்க, ரொம்ப கம்மி பெயின்ட்ல முடிச்சிருக்காரு மனுஷன்.